சபைக்குப் புறம்பே இருக்கிறவர்களை நோக்கி: ஒரு சபை தன்னைத் திருப்பிக்கொள்வது எப்படி

ஒரு சபையின் மூப்பர்கள் கூடி, வெளியே இருக்கிறவர்களுக்கு நற்செய்தியை அறிவிக்க வேண்டும் என்று தீர்மானித்தவுடன் எழும் கேள்வி பெரும்பாலும் எந்த நிகழ்ச்சியை நடத்தலாம் என்பதாகவே இருக்கும். மேடை போடுவதா, கைப்பிரதி அச்சிடுவதா, இசை நிகழ்ச்சி வைப்பதா என்று பேச்சு வளர்ந்து, கூட்டம் முடியும்போது ஒரு தேதியும் ஒரு செலவுத் திட்டமும் கையில் இருக்கும். அந்தத் தேதி வந்து போன பிறகும் சபை முன்பிருந்த இடத்திலேயே இருப்பதைக் கண்டு பலர் சோர்ந்துபோகிறார்கள். இந்த வழிகாட்டி வேறொரு வரிசையைப் பரிந்துரைக்கிறது. சபை எதற்காக இருக்கிறது என்பதில் தெளிவு பெறுவது முதலாவது. விசுவாசிகளின் நேரத்தையெல்லாம் சபையே பிடித்து வைத்திருக்கும் நிலையை மாற்றுவது அடுத்தது. பேச்சும் அழைப்பும் அதற்குப் பிறகுதான். இவற்றில் இரண்டாவதே கடினமானது. அதைத் தாண்டாமல் மூன்றாவதற்குத் தாவுவதால்தான் பல நல்ல முயற்சிகள் வீணாகின்றன என்பது என் கருத்து.

அனுப்பப்பட்ட சபை

உயிர்த்தெழுந்த இயேசு, பயந்து கதவுகளைப் பூட்டிக்கொண்டிருந்த சீஷர்களிடம், "பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன்" என்று சொன்னதை யோவான் 20:21 பதிவு செய்திருக்கிறது. மத்தேயு நற்செய்தியின் கடைசி வசனங்களும், அப்போஸ்தலர் 1:8ம் இதையே வேறு சொற்களில் சொல்கின்றன. ஆராதனையும், விசுவாசிகளைக் கட்டியெழுப்புவதும், உலகத்துக்குச் சாட்சியாக இருப்பதும் சபையின் நோக்கங்கள் என்று பொதுவாகப் பட்டியலிடுவார்கள். பட்டியலில் தவறில்லை. ஆனால் மூன்றாவதை ஒரு தனிக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு முதல் இரண்டையும் சபை முழுவதும் செய்வது என்ற பழக்கம் அந்தப் பட்டியலிலிருந்தே வளர்ந்துவிடுகிறது. ஜெர்மனியின் வில்லிங்கன் நகரில் 1952ல் கூடிய பன்னாட்டு அருட்பணி மாநாட்டுக்குப் பிறகு வலுப்பெற்ற சிந்தனை இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. அருட்பணி, அதாவது நற்செய்தியோடு உலகத்துக்கு அனுப்பப்படும் பணி, தேவனுடைய சொந்தச் செயல். குமாரனை அனுப்பியவர், ஆவியை அனுப்பியவர், சபையையும் அதே அசைவில் சேர்த்துக்கொள்கிறார் என்பது அதன் சாரம். கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965ல் வெளியிட்ட அருட்பணி ஆணையில், பயணத்தில் இருக்கும் திருச்சபை தன் இயல்பினாலேயே அருட்பணித் தன்மை உடையது என்று அறிவித்தது.

இது இறையியல் வகுப்போடு நின்றுவிடும் செய்தியன்று. அருட்பணி தேவனுடையது என்று ஒரு சபை உண்மையாகவே நம்பினால், அண்டை வீட்டாரைத் தன் உறுப்பினர் எண்ணிக்கையை உயர்த்தும் வாய்ப்பாக அது பார்க்காது. பலன் உடனே தெரியாவிட்டால் பதறாது. மறைமுக வழிகளும் கவர்ச்சிகளும் அதற்குத் தேவைப்படாது. ஆகவே வேலையைத் தொடங்கும் முன் மூப்பர்கள் ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதிப் பார்ப்பது நல்லது: நம் சபையில் ஒருவர்கூடப் புதிதாகச் சேரமாட்டார் என்று முன்கூட்டியே தெரிந்தாலும் இந்த மனிதர்களை நாம் நேசிப்போமா, அவர்களிடம் கிறிஸ்துவைப் பற்றிப் பேசுவோமா? பதில் தயங்கி வந்தால், நிகழ்ச்சித் திட்டத்தை ஒத்திவைத்துவிட்டு இந்தப் பகுதியையே இன்னும் சில வாரங்கள் வேதவசனங்களோடு படிக்கலாம்.

நாட்காட்டியையும் கணக்கேட்டையும் திறந்து வையுங்கள்

சபையின் உண்மையான நோக்கம் அதன் விசுவாச அறிக்கையில் இருப்பதைவிடத் தெளிவாக அதன் வாராந்தர அறிவிப்புகளிலும் ஆண்டுக் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கும். கடந்த ஓராண்டின் அறிவிப்புகளை எடுத்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் எதிரே அது யாருக்காக நடந்தது என்று குறியுங்கள். உறுப்பினருக்காக மட்டும் நடந்தவை ஒரு நிறத்திலும், வெளியாரும் இயல்பாக வந்து அமரக்கூடியவை இன்னொரு நிறத்திலும், சபையார் வெளியே சென்று பிறருடைய இடத்தில் இருந்தவை மூன்றாவது நிறத்திலும் இருக்கட்டும். கணக்கேட்டுக்கும் இதையே செய்யுங்கள். முதல் நிறம் தாளை நிறைத்திருக்கும் என்பதை எதிர்பார்த்தே இதில் இறங்க வேண்டும். அதைக் கண்டு யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதைச் செய்வதில்லை. ஒவ்வொரு கூட்டமும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு நல்ல காரணத்துக்காகத் தொடங்கப்பட்டதுதான்.

அடுத்து, உறுப்பினர்களிடம் பெயர் எழுதாத ஒரு தாளைக் கொடுத்து, இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். கிறிஸ்தவர் அல்லாத எத்தனை பேருடைய வீட்டில் சென்ற ஆண்டில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? அப்படிப்பட்ட எத்தனை பேர் தங்கள் துன்பத்தை உங்களிடம் வந்து சொல்வார்கள்? நீண்ட காலமாக விசுவாசிகளாக இருப்பவர்களின் தாள்களில் வெற்றிடம் அதிகமாக இருப்பது வழக்கம். சபைக்குள் வந்த புதிதில் ஒருவருக்கு வெளியே எல்லா நண்பர்களும் இருக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல ஜெபக்கூட்டம், பாடற்குழு, வேதபாடம், குழுக்கூட்டம், ஆண்டு விழா ஏற்பாடு என்று மாலைகள் நிரம்பி, நண்பர்கள் அனைவரும் சபையாராகவே மாறிவிடுகிறார்கள். பிறகு அதே சபை, "நீங்கள் ஏன் யாரையும் அழைத்து வருவதில்லை?" என்று அவரைக் கடிந்துகொள்கிறது. இதில் கடிந்துகொள்ளப்பட வேண்டியது யார் என்பதை வாசிப்பவர்களே முடிவு செய்யலாம்.

ஆகவே முதல் நடவடிக்கை, எதையும் தொடங்காமல் ஒன்றை நிறுத்துவது. வார நாள் கூட்டங்களில் ஒன்றைத் தேர்ந்து, ஆறு மாதங்களுக்கு அதை நிறுத்தி வையுங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு சிறிய நெறி உதவும்: ஏற்கெனவே வேறு இரண்டு கூட்டங்களுக்கு வருபவர்களே மூன்றாவதற்கும் வருகிறார்கள் என்றால் அந்த மூன்றாவதை நிறுத்தலாம், தனிமையில் இருக்கும் முதியவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே துணை ஒரு கூட்டம்தான் என்றால் அதைத் தொடக்கூடாது. நிறுத்தும்போது காரணத்தை ஆராதனையிலேயே வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அந்த மாலை ஓய்வுக்காக விடப்படவில்லை, அண்டை வீட்டாருக்காகவும் உடன் பணிபுரிவோருக்காகவும் திருப்பித் தரப்படுகிறது என்பதை மக்கள் கேட்க வேண்டும். அந்த மாலையில் யார் எங்கே போனார்கள் என்று அறிக்கை கேட்கத் தொடங்கினால் அது இன்னொரு சபைக் கூட்டமாகிவிடும், கேட்காதீர்கள்.

எதிர்ப்பு வரும். ஜெபத்தைக் குறைத்துவிட்டு எப்படி ஊழியம் செய்வது என்பதே அதில் மிகவும் வலுவானது. அதற்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். அந்தியோகியா சபை உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் (பவுலின் மற்றொரு பெயர்) ஊழியத்துக்கெனப் பிரித்துவிடும்படியான ஆவியானவரின் சத்தத்தைக் கேட்டது என்று அப்போஸ்தலர் 13 சொல்கிறது. அந்தச் சபை தன் மிகச் சிறந்த போதகர்களில் இருவரை இழக்கத் துணிந்தது. ஜெபம் குறையாமலும் கூட்டம் குறையலாம் என்பதை மூப்பர்கள் தாங்களே வாழ்ந்து காட்டினால் விவாதம் மெல்ல அடங்கும்.

ஏற்கெனவே இருக்கும் இடங்களில்

எருசலேமில் துன்புறுத்தல் எழுந்தபோது சிதறிப்போன விசுவாசிகளில், சீப்புருவையும் சிரேனேயையும் சேர்ந்த சிலர் அந்தியோகியாவுக்கு வந்து, யூதரல்லாத கிரேக்கரிடம் இயேசுவைப் பற்றிப் பேசினார்கள் என்று அப்போஸ்தலர் 11 கூறுகிறது. சபையின் வரலாற்றையே திருப்பிய அந்த மனிதர்களில் ஒருவருடைய பெயர்கூட நமக்குத் தரப்படவில்லை. அவர்கள் யாராலும் நியமிக்கப்படவில்லை. போன இடத்தில், பழகியவர்களிடம் பேசினார்கள். சபையின் பரப்பு அதன் கட்டடத்தைவிடப் பெரியது. ஆசிரியர், ஓட்டுநர், செவிலியர், கணக்கர், கடைக்காரர் என்று உறுப்பினர்கள் வாரம் முழுவதும் சென்று நிற்கும் இடங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கும்.

இதைச் சபை உணரும்படி செய்ய ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனையில் ஒரு தொழிலைச் சேர்ந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி, அவர்கள் வேலையில் சந்திக்கும் நெருக்கடிகள் என்ன, யாரோடு பழகுகிறார்கள் என்று ஒருவரை இரண்டு நிமிடம் பேச வைத்து, அவர்களுக்காக ஜெபியுங்கள். ஊழியக்காரர்களை வழியனுப்பும்போது மட்டும் கைவைத்து ஜெபிக்கும் சபை, கணக்கரையும் செவிலியரையும் அதே விதமாக வழியனுப்பத் தொடங்கினால், தங்கள் திங்கட்கிழமையைப் பற்றி மக்கள் நினைக்கும் விதமே மாறுவதைக் காணலாம்.

நண்பர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பது நல்லது. ஆனால் அந்தப் பெயர்களைச் சபை நடுவே வாசிப்பதும், செய்திக் குழுக்களில் பகிர்வதும் கூடாது. ஒருவர் தன் குடும்பச் சிக்கலை நம்பிக்கையோடு சொல்லியிருக்க, அது நூறு பேருக்கு ஜெபக் குறிப்பாகப் போனது என்று அவருக்குத் தெரியவந்தால், அந்த நட்பு அங்கேயே முடிந்துவிடும், முடிவதும் நியாயமே. நண்பரின் பெயர் உங்கள் வீட்டு ஜெபத்தோடு நிற்கட்டும்.

விருந்தோம்பலைப் பற்றிச் சபைகள் நிறையப் பேசுகின்றன. விருந்தினராக இருப்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகின்றன. லூக்கா 10ல் இயேசு தம் சீஷர்களை அனுப்பும்போது பணப்பையை எடுத்துப் போகாதிருக்கவும், வீட்டார் முன்வைப்பதைச் சாப்பிடவும் சொன்னார். சமாரியப் பெண்ணிடம் அவருடைய உரையாடல் தண்ணீர் கேட்பதில்தான் தொடங்கியது. கொடுக்கும் இடத்திலேயே எப்போதும் இருப்பவர் அறியாமலேயே மேலிருந்து பேசத் தொடங்கிவிடுகிறார். ஆகவே அண்டை வீட்டாரிடம் உதவி கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்த கைத்தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், அவர்கள் வீட்டுத் துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் போய் நில்லுங்கள். மனச்சாட்சி இடம்தராத சடங்கு ஒன்று வரும்போது அதில் பங்கெடுக்க இயலாததைப் பணிவாகத் தனியே சொல்லிவிட்டு, மற்ற வேலைகளில் மும்முரமாக உதவலாம். வராமலே இருந்துவிடுவதைவிட இது பலமடங்கு மேலானது.

கேட்பதும் சொல்வதும்

அப்போஸ்தலர் நூலில் பவுலின் மூன்று பேச்சுகளை அருகருகே வைத்துப் படிப்பது இந்தப் பகுதிக்குச் சிறந்த பயிற்சி. பிசீதியா நாட்டு அந்தியோகியாவின் ஜெப ஆலயத்தில் (அதிகாரம் 13) அவர் இஸ்ரவேலின் வரலாற்றிலிருந்து தொடங்கி வேதவாக்கியங்களை அடுக்குகிறார். லீஸ்திராவில் (அதிகாரம் 14) ஒரு வசனத்தைக்கூட மேற்கோள் காட்டாமல், வானத்திலிருந்து வரும் மழையையும் விளைச்சலையும் உணவினால் வரும் மகிழ்ச்சியையும் பற்றிப் பேசுகிறார். அத்தேனேயில் (அதிகாரம் 17) நகரைச் சுற்றிப் பார்த்து, அவர்களுடைய பலிபீடத்தின் எழுத்தையும் அவர்களுடைய புலவரின் வரியையும் எடுத்துக்கொண்டு தொடங்குகிறார். தொடங்கும் இடம் கேட்பவரைப் பொறுத்தது. முடியும் இடத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. அத்தேனேயில் உயிர்த்தெழுதலைச் சொன்னதும் சிலர் ஏளனம் செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். இந்த மூன்று விளைவுகளையும் எதிர்பார்த்துச் செல்பவர் எதனாலும் நிலைகுலைவதில்லை.

இதே நூலின் 19ஆம் அதிகாரத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு சாட்சி உண்டு. எபேசு நகரில் கலவரம் மூண்டபோது கூட்டத்தை அமர்த்திய நகர அதிகாரி, பவுலின் தோழர்கள் கோயிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்ல, உங்கள் தேவியைப் பழித்துப் பேசினவர்களும் அல்ல என்றார். அந்நகரில் பவுல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்திருந்தும், கிறிஸ்தவர் அல்லாத ஓர் அதிகாரி பொதுமக்கள் முன் அப்படிச் சொல்ல முடிந்தது. பிறருடைய வழிபாட்டையும் தெய்வங்களையும் இழித்துப் பேசும் கைப்பிரதியோ பிரசங்கமோ உங்கள் சபையில் இருந்தால், அதை அகற்றுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

பேசுவதற்கான ஆயத்தத்தைச் சபையிலேயே இருவர் இருவராகச் செய்யலாம். தான் ஏன் கிறிஸ்துவை நம்புகிறேன் என்பதை ஒருவர் மூன்று நிமிடங்களில் மற்றவருக்குச் சொல்ல வேண்டும். கேட்பவர் தன்னைச் சபை வாசனையே அறியாதவராக வைத்துக்கொண்டு, விளங்காத இடத்திலெல்லாம் கையை உயர்த்த வேண்டும். ஜெயம், அபிஷேகம், பாரம், இரத்தத்தால் கழுவப்படுதல் என்று நமக்குள் புழங்கும் சொற்களில் கை உயர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடங்களில் அன்றாடப் பேச்சுக்கு மாறிப் பழகுங்கள். முன்பு மிகவும் கெட்டவனாக இருந்தேன், இப்போது எந்தக் குறையும் இல்லை என்ற வார்ப்பில் உங்கள் வாழ்க்கையைத் திணிக்காதீர்கள். இன்னும் தீராத கேள்விகளோடும் பலவீனங்களோடும் நம்புகிறேன் என்று சொல்பவரிடமே மற்றவர் தன் கேள்வியைத் திறந்து வைப்பார். உங்களிலுள்ள நம்பிக்கையைப் பற்றி விசாரிக்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதும்போது (1 பேதுரு 3:15), யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது அதில் அடங்கியிருக்கிறது. கேள்வி எழும்படியான வாழ்க்கை முந்தியது. துன்பம் ஏன் என்றும், மற்ற மார்க்கத்தாரின் நிலை என்ன என்றும், சபைகள் வரலாற்றில் செய்த அநீதிகள் பற்றியும் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குச் சபையை நியாயப்படுத்த முயலாமல் உண்மையை ஒப்புக்கொள்வதே ஏற்ற பதில்.

ஆர்வம் காட்டுபவர்களுக்குச் சபைக் கட்டடத்தைவிட ஒரு வீடே ஏற்ற இடம். மாற்கு நற்செய்தி 16 அதிகாரங்களே கொண்டது, விரைவாக நகர்வது. வாரம் ஒரு மாலை ஒரு பகுதியை உரத்து வாசித்து, இதில் உங்களை ஈர்த்தது எது, உறுத்தியது எது, இயேசுவைப் பற்றி இது என்ன சொல்கிறது என்று மூன்று கேள்விகளை மட்டும் வையுங்கள். எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். அவர்களில் பாதிப்பேராவது விசுவாசத்துக்குப் புறம்பே இருப்பவர்களாக இருக்கட்டும். நடத்துபவர் விளக்கவுரை ஆற்றத் தொடங்கினால் மற்றவர்கள் கேட்பவர்களாகச் சுருங்கிவிடுவார்கள் என்பதால், எந்தக் கேள்விக்கும் முதலில் பதில் சொல்பவராக அவர் இருக்கக் கூடாது. பாடலும் ஜெபமும் கட்டாயமில்லை. சொன்ன நேரத்தில் முடித்துவிடுங்கள். லண்டனில் ஒரு சபை 1977ல் புதிய விசுவாசிகளுக்காகத் தொடங்கிய ஆல்ஃபா வகுப்பு, 1990களில் வெளியாருக்கானதாக மாற்றியமைக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. உணவு, சிறிய உரை, தடையற்ற உரையாடல் என்பதே அதன் அமைப்பு. அதன் உள்ளடக்கத்தில் எல்லாச் சபைகளும் உடன்படுவதில்லை என்றாலும், ஒன்றாக உட்கார்ந்து உண்பதற்கும் தயக்கமின்றிக் கேட்பதற்கும் அது தந்த முதன்மை கற்றுக்கொள்ளத் தக்கது.

உதவியும் அழைப்பும் கலக்கும் இடத்தில்

நான்காம் நூற்றாண்டில், பழைய வழிபாடுகளை மீண்டும் நிலைநாட்ட முயன்ற ரோமப் பேரரசர் ஜூலியன், கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று தன் குருக்களில் ஒருவருக்கு வெட்கத்தோடு எழுதினார். எதிர்த்தவரின் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் அதற்கு எடை அதிகம். 1974ல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் கூடிய உலக நற்செய்தி மாநாட்டின் உடன்படிக்கையும், நற்செய்தி அறிவிப்பும் சமூகப் பொறுப்பும் கிறிஸ்தவனின் கடமையில் இரண்டு பகுதிகள் என்று சொன்னது. ஆனால் உதவி ஒரு தூண்டிலாக மாறிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. இந்த இடத்தில் சபைகள் மற்ற எதையும்விடக் கண்டிப்பாக இருக்க வேண்டும். உலகத் திருச்சபைகள் மன்றமும், சமயங்களுக்கிடையிலான உரையாடலுக்கான வத்திக்கான் அவையும், உலக நற்செய்திக் கூட்டமைப்பும் இணைந்து 2011ல் வெளியிட்ட சாட்சி ஒழுங்குக்கான பரிந்துரைகள், ஏழ்மையையும் தேவையையும் பயன்படுத்திப் பணமோ வெகுமதியோ காட்டி மக்களைக் கவர்வதை வெளிப்படையாக நிராகரிக்கின்றன. மூன்று பெரும் கிறிஸ்தவ ஓடைகளும் சேர்ந்து ஒரே குரலில் பேசியது அரிது. உங்கள் மூப்பர் குழு அந்த ஆவணத்தை ஒருமுறை வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும்.

நடைமுறையில் இது சில உறுதியான விதிகளாக வேண்டும். உணவோ, மருந்தோ, பள்ளிக் கட்டணமோ கொடுக்கும் இடத்தில் கைப்பிரதியும் அழைப்பிதழும் இருக்கக் கூடாது. யாருக்கு உதவி என்று தீர்மானிப்பவரும் வேதபாடம் நடத்துபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். பெறுபவரின் படத்தை எடுத்து வெளியிடாதீர்கள். ஆலயத்துக்கு வருவதை நிறுத்தியவருக்கும் உதவி முன்போலவே தொடர வேண்டும். உண்மையான சோதனை இதுதான். நோயாளிக்காக ஜெபிக்க விரும்பினால் முதலில் அனுமதி கேளுங்கள், அவர் மறுத்தால் அமைதியாக அருகில் இருங்கள். மருந்தை நிறுத்தும்படி எவரும் எந்தச் சூழ்நிலையிலும் சொல்லக் கூடாது. பெற்றோருக்குத் தெரியாமலும் அவர்கள் சம்மதம் இல்லாமலும் பிள்ளைகளுக்குச் சமயப் போதனை செய்யாதீர்கள். மதத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1948ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைகள் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு ஏற்கிறது; என்றாலும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுவதால், உங்கள் நாட்டின் விதிகளைத் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெறுவது விவேகம்.

அவர்கள் ஆலயத்துக்கு வரும் நாளில்

இதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விசுவாசியல்லாத ஒருவர் உள்ளே வந்தால் அவருக்கு இது எப்படித் தோன்றும் என்று கொரிந்து சபையைப் பவுல் கேட்டார் (1 கொரிந்தியர் 14:23). பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் அழுக்கு உடை அணிந்தவருக்குத் தரையும் காட்டுவதை யாக்கோபு கண்டித்தார். இந்த இரண்டையும் மனத்தில் வைத்து உங்கள் ஆராதனையை ஒருமுறை தொடக்கம் முதல் முடிவுவரை கவனியுங்கள். புதியவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வேண்டாம். எப்போது எழ வேண்டும், எப்போது அமர வேண்டும் என்பதை நடத்துபவர் ஒவ்வொரு முறையும் சொல்லட்டும். காணிக்கை எடுக்கும்போது விருந்தினர் கொடுக்க வேண்டியதில்லை என்றும், திருவிருந்தில் உங்கள் சபையின் ஒழுங்கு என்ன என்றும் தெளிவாகவும் கனிவாகவும் அறிவியுங்கள். அழைத்து வந்த நண்பர் அவர் அருகிலேயே அமர்ந்திருக்கட்டும். அடுத்த வாரம் தொலைபேசியில் பேசுவதும் அவர் ஒருவராகவே இருக்கட்டும்.

நம்ப விரும்பும் ஒருவர்

ஒருவர் கிறிஸ்துவைப் பின்பற்ற விரும்புகிறேன் என்று சொல்லும்போது சபைக்கு வரும் மகிழ்ச்சி அவசரமாக மாறிவிடக் கூடாது. அப்போஸ்தலர் 8ல் வரும் எத்தியோப்பிய மந்திரிக்கு வழியிலேயே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது உண்மைதான். அவர் ஏற்கெனவே எருசலேமுக்குப் பணிந்துகொள்ளச் சென்று, ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய சபை ஒழுங்கு நூல் ஒன்று ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் காலத்தை மூன்று ஆண்டுகள் என்று வகுத்தது. பெரியவர்களுக்கான அந்தப் படிப்படியான ஆயத்த முறையைக் கத்தோலிக்கத் திருச்சபை 1972ல் புதுப்பித்து வெளியிட்டது. கால அளவைச் சபைகள் தங்கள் மரபின்படி முடிவு செய்யட்டும். அந்தக் காலத்தில் அவர் தன் முடிவை நிதானமாகச் சிந்திக்கவும், குடும்பத்தாரிடம் தானே பேசவும், வேண்டுமானால் பின்வாங்கவும் இடம் இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

ஏறத்தாழ கி.பி. 49ல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலரும் மூப்பரும், தேவனிடம் திரும்பும் புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவரை, நாம் கலங்கப்பண்ணக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அதே ஞானம் இன்றும் வேண்டும். உடையிலும் உணவிலும் பேச்சிலும் நம் சபையின் பழக்கங்களைப் புதியவர் மேல் ஏற்றுவதற்கு முன், இது கிறிஸ்துவின் கட்டளையா நம் வழக்கமா என்று கேளுங்கள். பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் விட்டு விலகும்படி யாரும் அவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அவர்களை முன்னைவிட அதிகமாகக் கனம்பண்ணும்படி சொல்லுங்கள். வீட்டார் கோபத்தில் அவரை வெளியேற்றினால் அவருக்கு உறைவிடமும் துணையும் தருவதற்கு ஒரு குடும்பம் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும். அத்தகைய குடும்பம் ஒன்றுகூட இல்லாத சபை அழைப்பு விடுப்பதற்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. அவருடைய கதையை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பதும், ஞானஸ்நானப் படங்களைப் பரப்புவதும், அவர் கேட்காதவரை வேண்டாம். நம்ப மறுத்தவரோடும் நட்பு அப்படியே தொடர வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

எதை எண்ணிப் பார்ப்பது

லொசான் உடன்படிக்கையில் ஒரு வெளிப்படையான அறிக்கை உண்டு: கேட்பவர்களிடம் நெருக்குதல் முறைகளைக் கையாண்டதையும், புள்ளிவிவரங்களில் மிதமிஞ்சிய நாட்டம் கொண்டு சிலவேளை அவற்றில் நேர்மை தவறியதையும் அதில் கையெழுத்திட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கூட்டங்களில் அழைப்பை ஏற்றுக் கைதூக்கியவர்களின் தொகையை ஆண்டறிக்கையில் அச்சிடும் சபைகள் அந்த வரிகளை மனத்தில் கொள்வது நல்லது. ஆண்டு இறுதியில், பெயர் எழுதாத அந்தத் தாளையே மறுபடியும் கொடுத்து, வெளியாரின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கூடியிருக்கிறார்களா என்று பாருங்கள். நிறுத்தி வைத்த கூட்டத்தை மீண்டும் தொடங்குவதா என்பதை அந்த ஆறு மாதங்கள் முடிந்ததும் முடிவு செய்யலாம். அது இல்லாததை யாரும் உணரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

கண்காணியாக, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவனாக, இருப்பவன் புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:7 சொல்கிறது. அந்தச் சாட்சியைச் சபை கேட்டுப் பெறலாம். உங்கள் ஆலயத்தின் அருகில் வசிக்கும், கிறிஸ்தவர் அல்லாத இரண்டு மூன்று பேரை மூப்பர்கள் நேரில் சந்தித்து, எங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எங்களால் உங்களுக்கு இருக்கும் தொந்தரவு என்ன, நாங்கள் இங்கே இல்லாமற்போனால் உங்களுக்கு ஏதாவது குறையுமா என்று கேட்கட்டும். ஒலிபெருக்கியின் சத்தமும், வாகனங்களை நிறுத்தும் விதமும் பதில்களில் முதலிடம் பிடிக்கக்கூடும். விளக்கம் சொல்லவோ தற்காத்துப் பேசவோ முயலாமல், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு வந்து அடுத்த மூப்பர் கூட்டத்தில் முதல் பொருளாக வாசியுங்கள். ஒலிபெருக்கியை அந்த வாரமே குறையுங்கள்.